ஹைலக்ஸ் என்ஜினில் பெல்ட் கம்ப்ரசர்: பிராக்கெட் விரிசல் விட்டது, மறுபடி செய்ய யோசனை வேண்டும்

மணல்தடம் (டொங்காட்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1996 ஹைலக்ஸ் பக்கி (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப்), 2.8 டீசல், 3எல் என்ஜின், ஃபோர் வீல் டிரைவ். ஏசி இல்லாமல் வந்த வண்டி. ஏசி கம்ப்ரசர் உட்கார வேண்டிய இடம் என்ஜினில் காலியாகக் கிடந்தது. பிளாக்கில் அதற்கான மரைத்துளைகள் இருந்தன, கிராங்க் புல்லியிலும் பெல்ட் ஓடுகிற ஒரு பள்ளம் சும்மா இருந்தது. அங்கே ஒரு ஏசி கம்ப்ரசரை உட்கார வைத்து, ஏசி கேஸுக்குப் பதிலாகக் காற்றை அழுத்த வைத்து, டயருக்குக் காற்று அடிக்கலாம் என்று இறங்கினேன்.

ஏன் இந்த வேலை என்றால், ஜூலை விடுமுறைக்குக் குடும்பமாக வடக்கு க்வாசூலு-நடால் கடற்கரையில் இருக்கும் கோசி பே போவோம். நான்கு வண்டி, பதினாறு டயர். மணலில் இறங்கும் முன் 2.2 பாரிலிருந்து 1 பாருக்குக் காற்றை இறக்குவது பத்து நிமிட வேலை. திரும்பி வந்து தார் ரோட்டில் ஏறும்போதுதான் கஷ்டம். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் இரண்டு டயர் முடிந்ததும் சூடேறி நின்றுவிடும், ஆறுவதற்கு அரை மணி. போன வருஷம் எல்லா டயரும் முடிவதற்குள் இருட்டிவிட்டது. மாமா மகன் பொறுமை இழந்து 1.2 பாரிலேயே தார் ரோட்டில் ஓட்டிப்போய்ப் பின்டயரின் பக்கச்சுவரைக் கெடுத்துக்கொண்டான். அந்த டயரைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த கையோடு ஸ்கிராப் யார்டில் சாண்டன் எஸ்டி7எச்15 ஒன்று கிடைத்தது. ஏழு சிலிண்டர், ஒரு சுற்றுக்கு 155 சிசி. 6 மி.மீ. தகட்டை ‘எல்’ வடிவில் வெட்டி வெல்டு வைத்து பிராக்கெட் செய்தேன். மே மாதம் மாட்டினேன். அருமையாக ஓடியது, ஊரில் இருக்கிற எல்லா சைக்கிளுக்கும் காற்று அடித்தேன். அப்போது எடுத்த போட்டோவைச் சேர்த்திருக்கிறேன்.

ஜூலையில் கோசி போய்த் திரும்பும்போது, ஆர்22 ரோட்டில் எம்பஸ்வானா தாண்டி ‘டப்’ என்று ஒரு சத்தம். பானெட்டைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர்த் தூள். பெல்ட்டின் நூல்கள் ஃபேன் மூடியில் சுற்றிக் கிடந்தன. பிராக்கெட்டின் ஒரு காது (போல்ட் மாட்டுகிற துளையுள்ள நீட்டம்) ஒடிந்து கம்ப்ரசர் சாய்ந்து தொங்கியது. நல்ல வேளையாக கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் வைத்திருந்தேன். ஆல்டர்னேட்டரும் தண்ணீர் பம்பும் வேறு பெல்ட்டில் ஓடியதால் வீடு வந்து சேர்ந்தோம்.

ஒடிந்த துண்டைக் கழுவிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால்வாசி துருப்பிடித்துச் செம்மண் நிறமாக இருந்தது, கால்வாசிதான் பளபளப்பு. அன்றைக்கு விழுந்த விரிசல் இல்லை, பல வாரமாக வெல்டின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது பிராக்கெட்டை எப்படிச் செய்வது? கம்ப்ரசருக்கு ஆயில் எப்படிக் கொடுப்பது? செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பஸ்கொட்டகை (சாட்ஸ்வர்த்)

தம்பி, மூன்று கேள்வி. பிராக்கெட் எத்தனை போல்ட்டில் பிளாக்கைப் பிடிக்கிறது? பெல்ட்டை இறுக்கும் கம்பியின் மறுமுனை எதில் மாட்டியிருக்கிறது? கம்ப்ரசரின் பின்பக்கக் காதுகளைப் பிடித்திருக்கிறாயா, முன்பக்கம் மட்டுமா?

மணல்தடம் (டொங்காட்)

ஐயா, பிளாக்கில் இரண்டு போல்ட். முன் காதுகள் மட்டும்தான். இறுக்கும் கம்பியை மட்கார்டின் உள்தகட்டில் துளை போட்டு மாட்டினேன், அங்கேதான் கை எட்டியது.

பஸ்கொட்டகை (சாட்ஸ்வர்த்)

அங்கேதான் தப்பு தம்பி. 35 வருஷம் பஸ் கொட்டகையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டச் சொல், என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து திரும்புவது கண்ணுக்கே தெரியும். பாடி அசையாது. நீ கம்ப்ரசரின் ஒரு காலை என்ஜினிலும் மறு காலைப் பாடியிலும் கட்டிவிட்டாய். ஒவ்வொரு அசைவிலும் நடுவிலிருக்கிற பிராக்கெட் முறுக்கப்படுகிறது. 2500 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 5000 தடவை அடிக்கிறது. மணிக்கு மூன்று லட்சம். கோசியிலிருந்து டர்பன் வருவதற்குள் எத்தனை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். எந்த வெல்டு தாங்கும்?

கம்ப்ரசர், அதன் பிராக்கெட், இறுக்கும் கம்பி, ஐட்லர் புல்லி (பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றுகிற புல்லி) இருந்தால் அதுவும், எல்லாமே என்ஜினின் மேலேயே நிற்கவேண்டும். பாடியைத் தொடவே கூடாது. பாடிக்குப் போவது வளைகிற ஹோஸும் ஒயரும் மட்டும்தான்.

அடுத்தது தகடு. 6 மி.மீ. தகட்டை ‘எல்’லாக மடக்கினால் அது ஒரு ஸ்பிரிங். இறுக்கின பெல்ட் ஒரு சிமெண்டு மூட்டையைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டதுபோல எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் முகத்தில் இருக்கிற மின்காந்தக் கிளட்ச் பிடிக்காத நேரத்திலும்கூட. அதனால் 10 மி.மீ. தகடு போடு. அதைவிட முக்கியம் முக்கோணம். மூலையில் ஒரு முட்டுத்தகடு வைத்து வெல்டு போடு. அப்புறம் கம்ப்ரசரின் பின்காதிலிருந்து பிளாக்கின் வேறொரு மரைத்துளைக்கு ஒரு தாங்கு கம்பி. முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி. கையால் பிடித்து ஆட்டிப் பார், என்ஜினே ஆடினால்தான் அதுவும் ஆடவேண்டும்.

பிளாக்கில் மூன்று போல்ட்டாவது வேண்டும், நாலு என்றால் நல்லது. 8.8 கிரேடு போல்ட். டைமிங் மூடியைப் பிடிக்கிற சின்ன போல்ட்டுகளில் கம்ப்ரசரைத் தொங்கவிடாதே. அலுமினிய மூடி உடையும், உடையாவிட்டால் ஆயில் கசியும். போல்ட்டின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் வாஷர்களை அடுக்காதே. கனமான குழாயை அளவாக வெட்டிப் போடு. அடுக்கின வாஷர் நாளடைவில் அமுங்கும், போல்ட் தளரும்.

உன் பிராக்கெட் போட்டோவில் இன்னொன்றும் பார்த்தேன். பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல மினுக்குகிறது. புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

செவன்டிநைன் (மிட்ராண்ட்)

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் வண்டி லேண்ட் க்ரூஸர் 79, 4.2 டீசல், 1எச்இசட். அதில் ஏசி இருக்கிறது, எனவே இரண்டாவது கம்ப்ரசருக்குப் புது இடம் தேட வேண்டியிருந்தது. நான் ஆயில் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். என் முதல் கம்ப்ரசர் அதில்தான் போயிற்று.

ஏசி கம்ப்ரசர்களில் இரண்டு சாதி. பழைய யார்க் மாதிரி இரண்டு சிலிண்டர் பிஸ்டன் கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் தொட்டி உண்டு, நம் என்ஜினைப் போல. அது காற்றுக்கும் சலிக்காமல் உழைக்கும். நேராக நிறுத்தலாம், பக்கவாட்டில் படுக்க வைக்கலாம், தலைகீழாக மட்டும் கூடாது. உயரமாக இருப்பதால் சின்ன என்ஜின் அறையில் இடிக்கும், அதிர்வும் அதிகம்.

சாண்டன், டென்சோ வகைகளில் ஆயில் தொட்டி என்று ஒன்று பெயருக்குக்கூட இல்லை. ஏசியில் ஓடும்போது ஆயில் கேஸோடு கலந்து சுற்றி வந்து திரும்பக் கம்ப்ரசருக்குள் விழும். காற்றுக்கு ஓட்டினால் வெளியே போன ஆயில் திரும்புவதில்லை, டயருக்குள் போய்விடுகிறது. சில மணி நேர ஓட்டத்தில் உள்ளே வறண்டு உரசத் தொடங்கும். என்னுடையது நாமிப் பாலைவனத்துப் பக்கம் போயிருந்தபோது கீச்சென்று கத்தி நின்றது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், உள்ளிழுக்கும் குழாயில் காற்றுக் கருவிகளுக்குப் போடுகிற சொட்டு ஆயிலர் ஒன்று. வெளியேறும் பக்கம் ஆயில் பிரிப்பான். அதில் சேருகிற ஆயிலை மெல்லிய குழாய் வழியாக மறுபடி உள்ளிழுக்கும் பக்கத்துக்கே விடுகிறேன். இரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆயிலர் வேண்டாம் என்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில் எடுத்து உள்ளிழுக்கும் துளையில் விட்டுக் கையால் கிளட்ச் தட்டைச் சுற்றிவிடு. மறக்காமல் செய்தால் அதுவே போதும்.

எந்த ஆயில் என்பதிலும் கவனம். புது ஏசிகளுக்குப் போடுகிற பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டர்பன் காற்றில் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஏர் கம்ப்ரசருக்கென்றே விற்கிற 100 நம்பர் மினரல் ஆயில் வாங்கு. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு ஊற்று.

பஸ்கொட்டகை (சாட்ஸ்வர்த்)

புல்லி நேர்க்கோடு. நேற்று விட்ட இடம்.

முதலில் அட்டையில் வெட்டு. சீரியல் டப்பா அட்டை போதும். அப்புறம் பிளைவுட்டில் ஒன்று செய்து கம்ப்ரசரை உண்மையாகவே மாட்டிப் பார். பிளைவுட்டில் தப்பு வந்தால் பத்து நிமிஷ நஷ்டம், இரும்பில் வந்தால் ஒரு நாள். கம்ப்ரசரின் பின்பக்கம் ஹோஸ் திரும்ப இடம் இருக்கிறதா, ஸ்டீயரிங் கம்பியில் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா, ஆயில் ஃபில்டரைக் கழற்ற கை போகிறதா, எல்லாவற்றையும் பிளைவுட்டிலேயே பார்த்துவிடு.

நேர்க்கோடு பார்க்க ஒரு நேரான அலுமினியப் பட்டை எடு. கிராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டி வை. மறுமுனை கம்ப்ரசர் புல்லியின் முகத்தில் இரண்டு இடத்திலும் தொடவேண்டும், மேலேயும் கீழேயும். மேலே தொட்டுக் கீழே இடைவெளி என்றால் கம்ப்ரசர் குனிந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே இடைவெளி என்றால் முன்பின் தள்ளியிருக்கிறது. முதலாவதை பிராக்கெட்டை அரத்தால் ராவித் திருத்து, இரண்டாவதைக் குழாய்த் துண்டின் நீளத்தை மாற்றித் திருத்து. புல்லிகளின் உதடு ஒரே கனமாக இருக்காது. அதனால் முகத்தை மட்டும் நம்பாமல் பள்ளத்தின் நடுவிலிருந்து முகம் வரை இரண்டு புல்லியிலும் அளந்து வித்தியாசத்தைக் கழித்துக்கொள். 1 மி.மீட்டருக்குள் கொண்டுவா.

முக்கியமானது, இதைப் பெல்ட்டை இறுக்கின பிறகு மறுபடி பார். இறுக்காதபோது நேராக இருப்பது இறுக்கினதும் சாய்ந்தால் பிராக்கெட்டுக்குத் திடம் போதவில்லை என்று அர்த்தம். உன்னுடையது அப்படித்தான் இருந்திருக்கும்.

இறுக்கம்: இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட் ஓடும் நீளம் 30 செ.மீ. என்றால் நடுவில் கட்டை விரலால் நன்றாக அழுத்தும்போது 5 மி.மீ. இறங்கவேண்டும். புது பெல்ட் முதல் நாளில் நீளும். அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கு. 100 கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை.

கேப்_காற்று (பெல்வில்)

அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதெல்லாம் அதிகமாகத் தெரிகிறது. இரட்டை மோட்டார் வைத்த 12 வோல்ட் கம்ப்ரசர் வாங்கிப் பேட்டரி பக்கத்தில் மாட்டினால் ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்தது. பெல்ட் இல்லை, பிராக்கெட் இல்லை, ஆயில் இல்லை. என் வண்டி 2019 மாடல், பெல்ட் இழுப்பு எல்லாம் ஒரே நீள பெல்ட்டில் தானாக இறுகுவது. அதில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

செவன்டிநைன் (மிட்ராண்ட்)

உங்கள் வண்டிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரே பெல்ட் எல்லாவற்றையும் இழுக்கிற புது என்ஜினில் கம்ப்ரசர் இறுகிப்போனால் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்து நிற்கும். நானும் அதில் செய்ய மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மணல்தடத்தின் கம்ப்ரசர் சுற்றுக்கு 155 சிசி. என்ஜின் 1500, புல்லி விகிதம் 1.2 என்றால் கம்ப்ரசர் 1800 சுற்று. பெருக்கினால் நிமிஷத்துக்கு 279 லிட்டர். அழுத்தம் ஏறும்போது இதில் பாதி கிடைத்தாலும் 140 லிட்டர். 31 இன்ச் டயரை 1 பாரிலிருந்து 2.2 பாருக்குக் கொண்டுவர ஏறக்குறைய 75 லிட்டர் காற்று வேண்டும். பதினாறு டயருக்கு 1200 லிட்டர். என்ஜினுக்கு இது ஒரு பாரமே இல்லை. அதே வேலையை 12 வோல்ட்டில் 7 பாருக்குச் செய்ய 1 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும், 100 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். நான்கு டயருக்கு மின்சாரம் போதும். பதினாறு டயர், காற்றில் ஓடுகிற இம்பேக்ட் ரெஞ்ச் என்று வரும்போது பெல்ட்டுக்கு ஈடு கிடையாது.

கேப்_காற்று (பெல்வில்)

சரி, நான்கு வண்டி என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஒற்றை வண்டிக்கு என் வழி, கூட்டமாகப் போகிறவர்களுக்கு உங்கள் வழி.

ஒயர்_அக்கா (ஃபீனிக்ஸ்)

தம்பி மணல்தடம், போட்டோவில் கிளட்ச் ஒயர் நேராக டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போகிறதைப் பார்த்தேன். அதை மாற்று. கிளட்ச் சுருள் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஸ்விட்ச் தாங்கும்தான், ஆனால் ஒவ்வொரு தடவை கிளட்ச் விடும்போதும் சுருளிலிருந்து ஒரு மின் உதை திரும்பி வந்து ஸ்விட்சின் முனையைக் கரிக்கும். ஒரு ரிலே போடு. பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலே, அங்கிருந்து கிளட்ச். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு, வெள்ளைக் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

ரிலேயை இயக்கும் ஒயரில் பிரஷர் ஸ்விட்சைச் சேர். 5.5 பாரில் பிடித்து 7.5 பாரில் விடுகிற மாதிரி. அந்த ஸ்விட்சை டேங்கில் மாட்டு. கம்ப்ரசரின் வாய்க்கு அருகில் மாட்டினால் செக் வால்வுக்கு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு) முன்னால் அழுத்தம் ஏறி இறங்குகிறபோதெல்லாம் கிளட்ச் டக்டக்கென்று பிடித்து விடும். அந்த உதறலும் பிராக்கெட்டைத்தான் போய்ச் சேரும்.

இக்னிஷன் ஆனில் இருந்தால் மட்டும் வேலை செய்கிற மாதிரி எடு. குழந்தைகள் வண்டியில் விளையாடுவார்கள்.

சோட்வானா_நீலம் (எம்பாங்கேனி)

ஒரு சந்தேகம் கேட்கலாமா? நான் சோட்வானாவில் டைவிங் போகிறவன். இந்த மாதிரி கம்ப்ரசர் வைத்தால் டைவிங் சிலிண்டரையும் நிரப்ப முடியுமா? அப்புறம், டேங்குக்குப் பழைய தீயணைப்பு சிலிண்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, மணல்தடம் அண்ணாவுக்கு வேண்டுமானால் தருகிறேன்.

பஸ்கொட்டகை (சாட்ஸ்வர்த்)

இரண்டுக்கும் வேண்டாம் என்பதுதான் பதில், மகனே.

டைவிங் சிலிண்டர் 200 பார். இது 8 பாரில் மூச்சு வாங்குகிற கம்ப்ரசர். அதைவிட, இதிலிருந்து வருவது ஆயில் புகை கலந்த காற்று. மூச்சுக்கு இதை எந்த வகையிலும் எடுக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் அந்த ஆயில் நுரையீரலில் இறங்கினால் யாரும் காப்பாற்ற முடியாது.

தீயணைப்பு சிலிண்டர் உள்ளே ஈரக்காற்றைத் தாங்கும்படி செய்ததில்லை. அடியில் தண்ணீரை வடிக்கக் குழாய் இல்லை. உள்ளுக்குள் துரு தின்பது வெளியே தெரியாது. காற்று தண்ணீர் மாதிரி இல்லை, அமுங்கிக் கிடக்கும். ஓட்டை விழுந்தால் கிழித்துக்கொண்டு பாயும். லாரி, பஸ்ஸில் ஏர் பிரேக்குக்கு வருகிற சின்ன டேங்க் வாங்கு. அடியில் வடிகுழாயோடு வரும், வேலை அழுத்தம் பொறித்த தகடு மேலேயே இருக்கும். தகடு இல்லாத டேங்கை என் கையால் தொட மாட்டேன். ஸ்விட்ச் 7.5 பாரில் விடுகிறதென்றால் சேஃப்டி வால்வு 9 பாரில் திறக்கவேண்டும், டேங்கின் தகட்டில் 10 பாராவது இருக்கவேண்டும். அந்த வால்வு டேங்கில் நேராகத் திருகப்பட்டிருக்கவேண்டும், நடுவில் அடைக்கிற குழாய் எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொன்று. ஒரே மூச்சில் 7, 8 பார் வரை அழுத்தினால் வெளியே வரும் காற்று 150 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். கம்ப்ரசரின் வாயில் சாதாரண ரப்பர் ஹோஸ் மாட்டினால் உருகும். முதல் ஒரு மீட்டருக்கு எஃகு வலை போட்ட டெஃப்ளான் ஹோஸ் போடு. அதன் பிறகு ஒரு செம்புக் குழாயை ரேடியேட்டருக்கு முன்னால் வளைத்து ஓட்டினால் காற்று ஆறும், ஈரமும் அங்கேயே தண்ணீராகும். சூடான குழாயில் ஆயில் தேங்கிக் கரி பிடித்தால் அது தீப்பிடித்த கதைகள் கொட்டகையில் உண்டு. அதனால் குழாய் எங்கும் தொய்ந்து பள்ளமாகக் கிடக்காமல் டேங்கைப் பார்த்துச் சரிவாகவே போகட்டும்.

சோட்வானா_நீலம் (எம்பாங்கேனி)

புரிந்தது ஐயா. சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நன்றி.

மலைவண்டி (அண்டர்பெர்க்)

லெசோத்தோவுக்குப் போகிற சானி பாஸ் மலைப்பாதையில் ஏறுகிறவர்களுக்காக ஒரு வரி. மேலே 2876 மீட்டர் உயரம். காற்று அங்கே கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஏழு பங்குதான். கம்ப்ரசர் அதே வேகத்தில் ஓடினாலும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் தரும், நேரம் அதிகமாகும், பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். கேஜும் டர்பனில் காட்டியதைவிடக் கிட்டத்தட்ட 0.3 பார் கூடுதலாகக் காட்டும். மேலே போய் அளந்து காற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கினால் டயரில் காற்று குறைவாக நிற்கும்.

மணல்தடம் (டொங்காட்)

எல்லோருக்கும் பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. வேலையை முடித்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

ஐயா சொன்னபடி அட்டை, பிளைவுட், அப்புறம் 10 மி.மீ. தகடு. பிளைவுட்டில் மாட்டியபோதுதான் தெரிந்தது, வெளியேறும் ஹோஸின் தலை ஸ்டீயரிங் பாக்ஸுக்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. கம்ப்ரசரைக் கொஞ்சம் சுழற்றி மாட்டினேன். பிளாக்கில் நாலு போல்ட், மூலையில் இரண்டு முட்டுத்தகடு, பின்காதிலிருந்து ஒரு தாங்கு கம்பி. இறுக்கும் கம்பி இப்போது தெர்மோஸ்டாட் பக்கம் ஹெட்டில் இருந்த ஒரு காலி மரைத்துளையில் நிற்கிறது. மட்கார்டில் போட்ட துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.

நேர்க்கோடு பார்க்க இரண்டு மாலை ஆயிற்று. முதல் தடவை மேலே தொட்டது, கீழே 3 மி.மீ. இடைவெளி. வெல்டு வைத்தபோது தகடு இழுத்துக்கொண்டிருக்கிறது. பிளாக்கில் உட்காரும் முகத்தை அரத்தால் ராவினேன். பத்துப் பதினைந்து இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, மறுபடி ராவுவது. கடைசியில் அலுமினியப் பட்டை நாலு இடத்திலும் உட்கார்ந்தது. பட்டைக்கும் புல்லிக்கும் இடையில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், நாலு இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தது. அந்த நேரத்தில் கராஜில் தனியாக நின்று கொண்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. பெல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி வைத்தேன். அசையவில்லை.

ஒயர் அக்கா சொன்ன ரிலே, டயோடு, டேங்கில் பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் போட்டாயிற்று. டேங்க் லாரியுடையது, 10 பார் தகட்டோடு, பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸியில். உள்ளிழுக்கும் காற்றை வண்டியின் ஏர் ஃபில்டருக்கு அப்பால், சுத்தமான பக்கத்திலிருந்து எடுக்கிறேன், தனி ஃபில்டர் இல்லை. சொட்டு ஆயிலர் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசி விடுமுறையில் கோசி போனோம். புரட்டாசி மாதம், அதனால் தூண்டில் எடுத்துப் போகவில்லை, பீன்ஸ் கறியும் புளிச்சோறும்தான். மணலிலிருந்து வெளியேறி ரோட்டோரம் நிறுத்தி, கை த்ராட்டிலை இழுத்து 1500க்கு வைத்தேன். ஒரு டயருக்கு 1 பாரிலிருந்து 2.2 பார் ஏற 55 விநாடி. ஹோஸை இழுத்துக்கொண்டு வண்டிக்கு வண்டி நடந்த நேரத்தையும் சேர்த்துப் பதினாறு டயரும் 25 நிமிஷத்தில் முடிந்தன. மாமா மகன்தான் ஹோஸ் பிடித்தான், ஒவ்வொரு டயரையும் இரண்டு தடவை அளந்தான்.

வீட்டுக்கு வந்ததும் டேங்கின் வடிகுழாயைத் திறந்தேன். அரைக் கோப்பை பால்போல வெளுத்த தண்ணீர் வந்தது, விரலில் தேய்த்தால் வழவழப்பு. பிராக்கெட்டைப் பெட்ரோலில் கழுவி, வெல்டின் ஓரங்களில் சுண்ணாம்புத் தூள் தடவி லைட் அடித்துப் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. பானெட்டின் உள்பக்கம் ரப்பர்த் தூளும் இல்லை.

பஸ்கொட்டகை (சாட்ஸ்வர்த்)

நல்ல வேலை தம்பி. பால் மாதிரி வந்தது ஆயிலும் தண்ணீரும் கலந்தது, டர்பன் காற்றுக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் அரைக் கோப்பை ஒரு பயணத்துக்கு அதிகம். ஆயிலர் சொட்டைக் குறை. போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தாயா?

மணல்தடம் (டொங்காட்)

பார்த்தேன் ஐயா. நாலும் அப்படியே இருந்தன. தாங்கு கம்பியின் கீழ் போல்ட் மட்டும் கால் சுற்று கொடுத்தது. அதில் ஸ்பிரிங் வாஷருக்குப் பதில் லாக் நட்டு போட்டுவிட்டேன். சொட்டையும் இன்று மாலை குறைத்துவிடுகிறேன்.

செவன்டிநைன் (மிட்ராண்ட்)

தம்பி, பிளைவுட் மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதே. என் அண்ணன் மகன் அதே 2.8 வைத்திருக்கிறான், பீட்டர்மாரிட்ஸ்பர்கில். டிசம்பரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

மணல்தடம் (டொங்காட்)

கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன் அண்ணா. துளை அளவுகளையும் குழாய்த் துண்டு நீளத்தையும் அதன் மேலேயே பேனாவில் எழுதியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.